மருந்தை மாற்றும் முன் அளவைப் பாருங்கள்: ஓ.சி.டி. வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூன்று வருஷமாக ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்). தினமும் இரண்டு மூன்று மணி நேரம் குளியலறையிலேயே போகிறது. முழங்கை வரை தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. வெளியே போய் வந்தால் நாங்கள் எல்லோரும் வாசலிலேயே உடை மாற்ற வேண்டும். "அம்மா, கை சுத்தமா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பான், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். பத்து மாதமாக வாரம் ஒரு முறை சைக்காலஜிஸ்டிடம் போகிறான். பேசுகிறார்கள், மூச்சுப் பயிற்சி தருகிறார்கள். ஃப்ளுயோக்செடின் 20 மில்லிகிராம் ஐந்து மாதம், பிறகு செர்ட்ராலின் 50 மில்லிகிராம் ஆறு வாரம் கொடுத்தாயிற்று. எதுவும் கேட்கவில்லை. ரிஸ்பெரிடோன் என்ற வேறு வகை மருந்தையும் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். மூளைக்குக் காந்த சிகிச்சை இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் அழைத்துப் போங்கள் என்கிறார் என் மைத்துனர். அடுத்து எதைச் செய்வது?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டுமே உங்கள் அடுத்த படி அல்ல. உங்கள் மகனுக்கு மருந்தும் சரி, பயிற்சியும் சரி, இன்னும் முழு அளவில் கிடைக்கவே இல்லை. கிடைக்காத ஒன்றைத் "தோற்றுவிட்டது" என்று கணக்கில் எழுதக் கூடாது.

முதலில் மருந்து. மனச்சோர்வுக்குப் போதுமான அளவு ஓ.சி.டி.க்குப் பெரும்பாலும் போதாது. ஃப்ளுயோக்செடினில் 20 மில்லிகிராம் கீழ்ப்படி. பதின்பருவத்தினருக்கு 20 முதல் 60 வரை போவார்கள். செர்ட்ராலினில் 50 என்பது தொடங்குகிற இடம், உச்சம் 200. ஒரு வாரத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு 25 அல்லது 50 ஆக ஏற்றி, பிள்ளையின் உடம்பு தாங்குகிற உயர்ந்த அளவுக்குக் கொண்டுபோய், அங்கே சில வாரங்கள் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 10 முதல் 12 வாரம் ஆன பிறகுதான் அந்த மருந்து கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியும். 50 மில்லிகிராமில் ஆறு வாரம் என்பது பாதி வழியில் திரும்பி வந்த கதை. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "செர்ட்ராலினை ஏற்றிப் பார்க்க ஏதாவது தடை இருக்கிறதா?" நீங்களாக ஒரு மாத்திரைகூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஏற்றும்போது எதைக் கவனிப்பது? தொடங்கிய முதல் மாதமும், அளவு ஏற்றிய ஒவ்வொரு முறையும் முக்கியம். உட்கார முடியாத தவிப்பு, தூக்கம் கெடுவது, வழக்கத்துக்கு மாறான படபடப்பு, அவனுடைய இயல்பே இல்லாத துடுக்கு, சாவைப் பற்றிய பேச்சு: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அமெரிக்க மருந்து ஆணையம் 2004-இல் இந்த மருந்துகளுக்கு ஓர் எச்சரிக்கை போட்டது. இளையோரிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்த 100 பேரில் 4 பேரிடமும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 100 பேரில் 2 பேரிடமும் தெரிந்தது. அந்தச் சோதனைகளில் தற்கொலையால் யாரும் இறக்கவில்லை. இது மருந்தை ஒதுக்கச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கை. வயிற்றுக் கோளாறு, தலைவலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். பல வீடுகளில் அந்த இரண்டாவது வாரத்தில்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயப்படுவார்கள்.

இனி பயிற்சி. உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் உறுத்தியது இதுதான். பத்து மாதம் பேச்சும் மூச்சுப் பயிற்சியும் ஓ.சி.டி.க்கான சிகிச்சை அல்ல. இந்த நோய்க்கென்று உள்ள பயிற்சியின் பெயர் இ.ஆர்.பி.: பயப்படுகிற பொருளைத் தொட வைத்து, அதன் பிறகு வழக்கமாகச் செய்கிற சடங்கை, அதாவது கழுவுவது போன்ற செயலை, செய்யாமல் இருக்கப் பழக்குவது. நடந்தது இ.ஆர்.பி.தானா என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. அந்த அறையில் உங்கள் மகன் எதையாவது தொட்டானா? பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி ஏணி போட்டார்களா? தினமும் வீட்டில் செய்யப் பாடம் கொடுத்தார்களா? உங்களை உள்ளே கூப்பிட்டு நீங்கள் என்ன செய்யக் கூடாது என்று சொன்னார்களா? நான்குக்கும் "இல்லை" என்றால் இ.ஆர்.பி. இன்னும் தொடங்கவே இல்லை. "உன் கை சுத்தமாகத்தான் இருக்கிறது, பயப்படாதே" என்று ஆறுதல் சொல்லும் சிகிச்சையாளர் தன்னை அறியாமல் ஓ.சி.டி.க்குத் தீனி போடுகிறார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 7 முதல் 17 வயதுவரை 112 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். 12 வாரம் கழித்து நோய் ஏறக்குறைய அடங்கியவர்கள்: பயிற்சியும் செர்ட்ராலினும் சேர்ந்து பெற்றவர்களில் 53.6 சதவீதம், பயிற்சி மட்டும் 39.3, மருந்து மட்டும் 21.4, வெற்று மாத்திரை 3.6. மருந்தால் ஓரளவே பலன் கண்ட 124 பிள்ளைகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வில், முழுப் பயிற்சியைச் சேர்த்தபோது 68.6 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 30 சதவீதம். ரிஸ்பெரிடோனையும் இ.ஆர்.பி.யையும் நேராக ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வந்தது. பெரியவர்கள் 100 பேர்; எடுத்துவந்த மருந்தோடு பயிற்சி சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேருக்கும், ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களில் 23 சதவீதம் பேருக்கும் பலன். வெற்று மாத்திரைக்கே 15. ரிஸ்பெரிடோனுக்கு முன்னால் இ.ஆர்.பி. என்று நாங்கள் சொல்வதற்கு இந்த எண்களே ஆதாரம்.

ஏணி எப்படி இருக்கும்? பயத்துக்கு 0 முதல் 100 வரை அவனே எண் போடட்டும். தன் அறைக் கதவின் பிடி 25, சமையலறைக் குழாய் 40, கடைத் தள்ளுவண்டியின் கைப்பிடி 60, மினிபஸ் டாக்ஸி சீட் 70, அதைத் தொட்ட கையைத் தலையணையில் தேய்ப்பது 80, தொட்ட கையோடு பன்னி சௌ (கறி நிரப்பிய ரொட்டி) பிய்த்துச் சாப்பிடுவது 90 என்று வைத்துக்கொள்வோம். 30, 40 எண்ணில் தொடங்கி, தினமும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தொடுவதற்கு முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும், முடிந்த பிறகு நடந்ததைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். பயம் முழுசாக இறங்கியே ஆக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நினைத்தது நடக்கவில்லை, பயத்தோடும் இருக்க முடிகிறது என்று அவன் காண்பதுதான் பாடம். அதன் பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் கழுவுதல் இல்லை. கழுவ வேண்டிய நேரம் வந்தால் ஒரு முறை சோப்பு, 20 விநாடி, முடிந்தது.

இங்கே எது கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொட்ட கையைச் சத்தமில்லாமல் கால்சட்டையில் துடைப்பது, பையில் சானிடைசர் வைத்திருப்பது, "ராத்திரி எப்படியும் குளிக்கத்தானே போகிறேன்" என்று மனசுக்குள் தவணை வாங்குவது. மூன்றும் மறைவான சடங்கு. பயிற்சியின் பலனை முழுசாகத் தின்றுவிடும். 90-ஆம் எண்ணில் குதித்து ஒரே நாளில் உடைந்துபோவது இன்னொன்று. டாக்டர் அறையில் மட்டும் தொட்டு வீட்டில் தொடாமல் இருப்பது மூன்றாவது. உங்கள் மகன் பள்ளியை விட்டிருப்பதால், சீருடையைப் போடுவது, பள்ளி வாசல்வரை காரில் போய்த் திரும்புவது, ஒரே ஒரு பாடவேளை உட்காருவது, இவையும் ஏணியில் வர வேண்டும். தோல் புண்ணுக்கு வாசனையில்லாத களிம்பும் சீழ் பிடித்த இடத்துக்கு டாக்டர் கண்ணும் தேவை. புண் ஆறும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அடுத்தது நீங்கள். குற்றம் சொல்ல எழுதவில்லை அம்மா; பிள்ளை துடிப்பதைப் பார்த்து எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள். ஆனால் வாசலில் உடை மாற்றுவதும், நூறு தடவை பதில் சொல்வதும் அவனுடைய சடங்கின் பாதியை நீங்கள் சுமப்பதாகும். டர்பனில் குழாய் நிற்கிற நாட்களில் அவனுக்கென்று தனி வாளிகள் நிரப்பி வைக்கும் வீடுகள் உண்டு. அதுவும் இதே கணக்குத்தான். எல்லோருக்கும் உள்ள பங்குத் தண்ணீர் அவனுக்கும் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதல் வாரம் எண்ணிக்கை மட்டும்: எத்தனை தடவை கேட்டான், எத்தனை தடவை சொன்னீர்கள், ஒரு காகிதத்தில் கோடு போடுங்கள். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவன் அமைதியாக இருக்கும் வேளையில் முன்கூட்டியே சொல்லுங்கள்: "திங்கட்கிழமையிலிருந்து கை சுத்தமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். உன்மேல் கோபத்தால் இல்லை. அது ஓ.சி.டி. கேட்கிற கேள்வி. பயமாக இருக்கும், உன்னால் தாங்க முடியும், நான் பக்கத்தில் இருப்பேன்." அப்பா, ஆயா, அக்கா எல்லோரும் அதே வாக்கியம், ஒருவர் இளகினால் அவன் அவரிடம்தான் போவான். முதல் சில நாள் கேள்வியும் கோபமும் கூடும். அந்த நேரத்தில் தோற்று ஒரு தடவை பதில் சொன்னால், "இன்னும் உரக்கக் கேட்டால் கிடைக்கும்" என்று கற்றுக்கொடுத்ததாகும். அடி, உடைப்பு என்று போகக்கூடிய பிள்ளையாக இருந்தால் இதைத் தொடங்கும் முன் சிகிச்சையாளரோடு திட்டம் போடுங்கள். பிள்ளை சிகிச்சைக்கே வர மறுத்தாலும் பெற்றோரை மட்டும் வைத்து நடத்தும் ஸ்பேஸ் என்ற முறை யேல் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் அடிப்படையும் இதுவே.

இதையெல்லாம் முழு அளவில் செய்து, 12 வாரம் கழித்தும் அசையவில்லை என்றால்? அப்போது அடுத்த படிகள் உண்டு. அதே வகையில் இன்னொரு மருந்து, இதுவும் முழு அளவில். ஃப்ளுவோக்சமின் என்றால் 12 வயதுக்கு மேல் 300 மில்லிகிராம்வரை. பிறகு க்ளோமிப்ரமின், ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராமைத் தாண்டாமல், உச்சம் 200. இதற்கு முன்னும் நடுவிலும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், வலிப்பு வந்த வரலாறு இருந்தால் சொல்ல வேண்டும். ஃப்ளுவோக்சமினோடு சேர்த்தால் இதன் அளவு ரத்தத்தில் எகிறும் என்பதால் அந்தச் சேர்க்கை நிபுணர் கையில்தான். ரிஸ்பெரிடோன் அல்லது அரிப்பிப்ரசோல் சேர்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற டிக் இருக்கிற பிள்ளைகளுக்கு இவை கூடுதலாக உதவலாம். சேர்க்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்த்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் நம் வீடுகளில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், எனவே இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பலன் இல்லை என்றால் எடுத்துவிட வேண்டும். பலன் தராத மருந்து வருஷக்கணக்கில் சீட்டில் தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

மைத்துனர் சொன்ன காந்த சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது பெரியவர்களின் ஓ.சி.டி.க்கு. 15 வயதுக்கு அது அடுத்த படி ஆகாது.

கடைசியாக, நோயை எண்ணால் அளக்கச் சொல்லுங்கள். சி-ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோல் 0 முதல் 40 வரை. 24-க்கு மேல் கடுமை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். 35 சதவீதம் இறங்கினால் பலன் என்று கொள்வார்கள், 12-க்கு வந்தால் நோய் அடங்கியது என்பார்கள். 34-லிருந்து 27-க்கு வந்த பிள்ளையை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், இன்னமும் கழுவிக்கொண்டுதான் இருப்பான். எண் இருந்தால் பாதை சரி என்று தெரியும், மருந்தை அவசரப்பட்டு மாற்ற மாட்டீர்கள்.

கேள்வி: என் தங்கை மகளுக்கு 14 வயது. விளக்கேற்றும்போது முருகனைப் பற்றிக் கெட்ட எண்ணம் வருகிறதாம். அதற்காகப் பிரார்த்தனையை மறுபடி மறுபடி சொல்கிறாள், சாமி கும்பிடவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தீட்டு என்று சொல்லிப் பரிகாரம் செய்தோம், இரண்டு நாள் நன்றாக இருந்தாள். காவடி விரதம் வேறு வருகிறது. இதுவும் ஓ.சி.டி.யா?
— பெரியம்மா, லெனேசியா

பதில்: நீங்கள் சொல்வது அப்படித்தான் தெரிகிறது, உறுதிப்படுத்த மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். பக்தியில் பிரார்த்தனை முடியும், முடிந்தால் மனசு அடங்கும். இதில் முடிவதே இல்லை. அந்த எண்ணம் அவளுடைய விருப்பம் அல்ல. அவள் பக்தியுள்ள பெண் என்பதால்தான் ஓ.சி.டி. அந்த இடத்தில் பிடித்திருக்கிறது. எங்கே குத்தினால் வலிக்குமோ அங்கேதான் அது குத்தும்.

பரிகாரம் இரண்டு நாள் வேலை செய்ததைக் கவனித்தீர்களா? கை கழுவினால் பத்து நிமிடம் நிம்மதி கிடைப்பது போலத்தான் அதுவும். அடுத்த பரிகாரம் வேண்டாம். அர்ச்சகரிடம் ஒரே ஒரு தடவை, சிகிச்சையாளருக்கும் தெரிந்து, கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தப் பெண் ஒரு முறை சொன்னால் போதுமா?" அவர் சொல்லும் பதிலே கடைசி, திரும்பப் போய்க் கேட்கக் கூடாது. பயிற்சி என்பது சாமியை அவமதிக்க வைப்பது இல்லை. கெட்ட எண்ணம் வந்தபடியே விளக்கை ஏற்றி, ஒரு முறை கும்பிட்டு, திருத்தாமல் எழுந்து வருவதுதான் பயிற்சி. விரதத்தை வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே அவளும் இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு விதிகூட அவளாகச் சேர்க்கக் கூடாது. சேர்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் இந்த வருஷம் காவடியைத் தள்ளிவைப்பது நல்லது.

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு 16. எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ப்பது? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எதற்கும் பணம் தர மாட்டேன் என்கிறது.
— தகப்பனார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சாப்பாட்டையோ தண்ணீரையோ நிறுத்திவிட்டால், எடை வேகமாக இறங்கினால், உயிரை மாய்க்கும் பேச்சோ முயற்சியோ இருந்தால், வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம். இரவில் ஆள் கிடைக்கவில்லை என்றால் சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, 24 மணி நேரமும். மற்றபடி, சேர்க்கும் முன் "உங்கள் வார்டில் இ.ஆர்.பி. யார் செய்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அது ஓய்வு மட்டுமே. வீட்டுக்கு வந்த அன்றைக்கே சடங்கும் திரும்பும். பல பிள்ளைகளுக்கு வார்டைவிட, வாரம் ஒரு மணி என்பதைத் தினம் இரண்டு மூன்று மணி நேரமாக்கி மூன்று நான்கு வாரம் செய்யும் தீவிரப் பயிற்சி நல்ல பலன் தரும். வீடியோ வழியாகவும் செய்யலாம். அவளுடைய சொந்தக் குளியலறையிலேயே நடப்பதால் சில சமயம் அதுவே மேல்.

பணம்: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி மெடிக்கல் எய்ட் கட்டாயமாகச் செலவு ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஸ்கிசோஃப்ரீனியாவும் இருமுனை நோயும் உண்டு, ஓ.சி.டி. இல்லை. முதல் மறுப்பு அதனால்தான் வருகிறது. அதோடு விட வேண்டாம். இந்தச் சிகிச்சை ஏன் தேவை என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டரை டாக்டரிடம் வாங்குங்கள். நோய்க் குறியீடு எஃப் 42, சி-ஒய்-பாக்ஸ் எண், எடுத்த மருந்துகள் எந்த அளவில் எத்தனை வாரம், பள்ளி விட்ட நாட்கள், கேட்கும் அமர்வுகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். "கடுமையான ஓ.சி.டி." என்று ஒரு வரி மட்டும் எழுதிய கடிதம் திரும்பி வரும். மறுத்தால் எக்ஸ் கிரேஷியா விண்ணப்பம் (விதிக்கு வெளியே சலுகையாகப் பணம் கேட்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே மனச்சோர்வும் இருந்தால் அதை டாக்டர் தனியாகக் குறிக்கட்டும். அதற்குக் கட்டாயப் பயன் உண்டு. அரசு வழி என்றால் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தொடங்க வேண்டும். இந்த மாத்திரைகள் ஷெட்யூல் 5, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் தராத வகை. ஒரு சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது, தீர்வதற்கு மூன்று வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க அடுத்த தேதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 17, மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) படிக்கிறேன். எழுதியதையே அழித்து அழித்து எழுதுகிறேன். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமா? மருந்து வாழ்நாள் முழுதுமா? எனக்குப் பயிற்சியே பயமாக இருக்கிறது.
— ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, பயமாக இருக்கும்தான். ஆனால் ஏணியை யாரும் உன்மேல் சாத்த முடியாது, எந்தப் படி என்று நீதான் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின்படி 12 வயது நிறைந்து, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் சிகிச்சைக்கு நீயே ஒப்புதல் தரலாம். மருந்து வாழ்நாளுக்கு என்று முடிவில்லை. நோய் அடங்கிய பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை தொடர்ந்து, பிறகு மிக மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். தேர்வு மாதத்தில் மட்டும் இறக்க வேண்டாம்.

கூடுதல் நேரத்துக்கு இப்போதே பள்ளி வழியாக விண்ணப்பி, டாக்டர் அறிக்கை வேண்டும், இதற்குப் பல மாதம் பிடிக்கும். ஆனால் உன்னைப் போல அழித்து எழுதுபவர்களுக்கு அந்த நேரம் முழுவதும் அழிப்பதிலேயே போய்விடும். அதனால் சேர்த்தே இதைப் பழகு: பழைய வினாத்தாள், பேனா மட்டும், ரப்பரும் திருத்த மையும் மேசையில் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு அடித்தல், அதற்கு மேல் தப்பு இருந்தால் இருக்கட்டும். இரண்டு வாரம் சரியாக வந்ததும், வேண்டுமென்றே ஓர் எழுத்தைக் கோணலாக எழுதி அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ.